காற்றிலே ஒரு புறம்போக்கு

நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில் ஜமைக்கா என்று ஒரு பேட்டை இருக்கிறது. 1960-களில் அங்கே மேரி வான் பிரிட்டன் பிரௌன் என்ற அம்மையார் குடியிருந்தார். நர்ஸ் உத்தியோகம். கணவர் ஆல்பர்ட் பிரௌன் எலெக்ட்ரானிக்ஸ் தொழில் தெரிந்தவர். இருவருடைய வேலை நேரமும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. ஆகவே அம்மையார் வீட்டில் தனியாக இருக்க வேண்டிய நேரங்கள் பல. பேட்டையிலோ குற்றங்கள் பெருகி வந்தன. போலீசைக் கூப்பிட்டால் உடனே வந்துவிடுவார்கள் என்ற நிச்சயமும் இல்லை. இந்த நிலையில் இரவிலே யாரோ கதவைத் தட்டினால் என்ன செய்வது? கதவருகே போனால்தான் வந்தவர் யார் என்று தெரியும். கதவருகே போவதே அபாயமாகவும் முடியலாம்.

கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து இதற்கு ஓர் உபாயம் கண்டார்கள். வாசற் கதவில் வெவ்வேறு உயரத்தில் நான்கு துவாரங்கள். உட்புறத்தில் ஒரு டெலிவிஷன் காமிரா. அது மேலும் கீழும் நகர்ந்து, நெட்டையானவருக்கு ஒரு துவாரம், குழந்தைக்கு ஒரு துவாரம் என்று பார்க்கும். படம் படுக்கையறைத் திரையில் தெரியும். வந்தவரோடு பேசுவதற்கும் வசதி உண்டு. வேண்டியவரானால் ஒரு பொத்தானை அழுத்தி, இருந்த இடத்திலிருந்தே தாழ்ப்பாளைத் திறக்கலாம். வேண்டாதவரானால் இன்னொரு பொத்தானை அழுத்தி அபாய அறிவிப்புக் கொடுக்கலாம். 1966 ஆகஸ்டு 1-ஆம் தேதி மனுச் செய்து, 1969 டிசம்பர் 2-ஆம் தேதி 3482037 என்ற எண்ணுள்ள அமெரிக்கப் பேடண்டை இந்தத் தம்பதிகள் பெற்றார்கள். வீட்டுக் காவல் காமிராவின் வம்சாவளியைத் தேடிப் போகிறவர்கள் எல்லோரும் இந்தப் படுக்கையறையில்தான் வந்து நிற்கிறார்கள்.

இதிலே நான் முக்கியமாகக் கவனிப்பது ஒன்று உண்டு. கண்ணும் அந்த வீட்டுக் கண்; திரையும் அந்த வீட்டுத் திரை. பார்ப்பதற்கும் பார்த்ததைத் தெரிந்துகொள்வதற்கும் நடுவே மூன்றாம் மனிதர் யாரும் இல்லை.

இன்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கடையில் கிடைக்கும் காமிராவின் கதை வேறு. அது பார்த்த காட்சி முதலில் காற்றிலே ஏறி, கூடத்து மூலையில் இருக்கும் வைஃபைப் பெட்டிக்குப் போகிறது. அங்கிருந்து கம்பி வழியாக, எங்கேயோ ஒரு கம்பெனி வைத்திருக்கும் கணிப்பொறிக்குப் போகிறது. அங்கிருந்து மறுபடி புறப்பட்டு வந்து, அடுத்த அறையில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருடைய கைபேசியில் தெரிகிறது. பல காமிராக்களுக்கு இதுதான் பிரயாண மார்க்கம். இத்தனை நீண்ட வழியில் எங்கே தடங்கல் ஏற்பட்டாலும் கண் குருடாகி விடும். கடல் கடந்த ஊரில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளை, தனியே இருக்கும் தாயாரின் வாசலைப் பார்க்க நினைக்கிறான். திரையில் ஒரு சிறு வட்டம் சுழன்றுகொண்டே இருக்கிறது. ‘இணைப்பு இல்லை’ என்ற இரண்டு சொற்கள் அவன் மனத்தில் எத்தனை விபரீதக் கற்பனைகளை எழுப்பும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

இந்த இணைப்பு ஏன் அறுகிறது? கடைக்காரரைக் கேட்டால் ‘அணைத்துவிட்டுப் போடுங்கள்’ என்பார். அந்த வைத்தியம் பல சமயம் பலிக்கவும் செய்கிறது. ஆனால் வைத்தியம் பலித்ததே தவிர, நோய் இன்னதென்று தெரிவதில்லை. என்னைப் போன்ற கதைக்காரனுக்கு எதையும் அதன் பூர்வ கதையிலிருந்து தெரிந்துகொண்டால்தான் திருப்தி. அப்படி விசாரித்துப் பார்த்ததில், இந்தக் காமிராவின் ஒவ்வொரு கோளாறுக்கும் ஒவ்வொரு பிறப்புக் கதை இருப்பதைக் கண்டேன். அந்தக் கதைகளைத் தெரிந்துகொண்டால் பாதிக் கோளாறு தானே விளங்கி விடுகிறது.

முதலில், கண்ணை வலையோடு இணைக்கும் ஆசை எப்படி வந்தது என்று பார்ப்போம். காவலுக்காக வரவில்லை, காப்பிக்காக வந்தது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் கணிப்பொறி ஆராய்ச்சி சாலையில், ட்ரோஜன் அறை என்று அழைக்கப்பட்ட அறைக்கு வெளியே ஒரு காப்பிப் பாத்திரம் இருந்தது. வேறு மாடியில் வேலை செய்தவர்கள் படியேறி வந்து, பாத்திரம் காலியாக இருப்பதைக் கண்டு ஏமாந்து திரும்புவது வழக்கம். 1991-இல் குவென்டின் ஸ்டாஃபோர்ட்-பிரேசர், பால் ஜார்டெட்ஸ்கி என்ற இருவர் அந்தப் பாத்திரத்துக்கு எதிரே ஒரு காமிராவை நிறுத்தி, அதன் படம் சக ஊழியர்களின் திரைகளில் தெரியும்படி செய்தார்கள். 128-க்கு 128 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படம். நிமிஷத்துக்குச் சுமார் மூன்று தடவை மாறும். 1993-இல் அது உலகம் முழுவதும் பார்க்கும்படி இணையத்தில் ஏறியது. 2001 ஆகஸ்டு 22-ஆம் தேதி அந்தக் காமிராவை அணைத்தார்கள். பாத்திரத்தை ஏலத்தில் விட்டபோது ஜெர்மனியின் ‘டெர் ஷ்பீகல்’ பத்திரிகையின் இணையப் பிரிவு 3,350 பவுன் கொடுத்து வாங்கியது. இதற்கு நடுவே 1996-இல் ஸ்வீடன் தேசத்து ஆக்ஸிஸ் கம்பெனி, கணிப்பொறியின் துணையில்லாமல் தானே வலையில் சேரக்கூடிய காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது.

இவையெல்லாம் கம்பியில் கட்டிய கண்கள். கம்பி அறுந்தாலொழியக் கண் மூடாது. கம்பியைக் கழற்றிவிட்டுக் காற்றிலே விட்ட பிறகுதான் நம்முடைய கஷ்டம் ஆரம்பமாகிறது.

காற்று என்று சொன்னாலும், ரேடியோ அலைகள் போகும் வெளியானது நிலத்தைப் போலவே அளந்து பட்டா போடப்பட்ட சொத்து. இது வானொலிக்கு, இது கப்பலுக்கு, இது விமானத்துக்கு, இது ராணுவத்துக்கு என்று சர்க்கார்கள் கூடிப் பிரித்து வைத்திருக்கின்றன. 1947-இல் அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி என்ற ஊரில் சர்வதேச மகாநாடு ஒன்று கூடி இந்த அளவை வேலையைச் செய்தது. அப்போது ஒரு புது விதமான குடித்தனக்காரர் வந்து நின்றார். இரண்டாம் உலக யுத்தத்தில் ராடாருக்குப் பயன்பட்ட மாக்னட்ரான் என்ற குழாயின் அருகே நின்ற பெர்ஸி ஸ்பென்ஸர் என்ற நிபுணரின் சட்டைப் பையில் மிட்டாய் உருகிற்று என்றும், அதிலிருந்து அலைகளால் சமைக்கும் அடுப்பு பிறந்தது என்றும் கதை சொல்வார்கள். 1945-இல் அவர் பேடண்டுக்கு மனுச் செய்தது நிச்சயம். அந்த அடுப்பும், அதுபோல் அலைகளால் சூடேற்றும் தொழிற்சாலை யந்திரங்களும், வைத்தியக் கருவிகளும் காற்றிலே பெரிய இரைச்சலை எழுப்பும். நாகரிகமான குடித்தனங்களுக்கு நடுவே அவற்றை வைக்க முடியாது. ஆகவே ஊருக்கு வெளியே சில இடங்களை அவற்றுக்கென்று ஒதுக்கினார்கள். அவற்றில் ஒன்று 2,450 மெகாஹெர்ட்ஸைச் சுற்றியுள்ள இடம். அங்கே சப்தம் போடலாம். அங்கே போய் யாராவது பேச முயன்றால் அந்தச் சப்தத்தைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

நம் ஊர்ப் பாஷையில் சொன்னால் இது புறம்போக்கு.

சுமார் நாற்பது வருஷ காலம் அந்தப் புறம்போக்கை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 1985 மே 9-ஆம் தேதி அமெரிக்கச் செய்தித் தொடர்புக் கமிஷன், அங்கே பணிபுரிந்த மைக்கேல் மார்க்கஸ் என்ற பொறியாளரின் முயற்சியின் பேரில், ஒரு புதுமையான உத்தரவு போட்டது. இந்தக் குப்பைமேட்டில் யார் வேண்டுமானாலும் லைசென்ஸ் இல்லாமல் ரேடியோ வைத்துக்கொள்ளலாம். சக்தி 1 வாட்டுக்கு மேல் போகக் கூடாது. அலையை ஒரே புள்ளியில் குவிக்காமல் பரப்பி அனுப்ப வேண்டும். பிறருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது. பிறரால் வரும் தொந்தரவைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வெளிக்கு லைசென்ஸ் வேண்டாம் என்ற உத்தரவு 2005 ஜனவரியில் வந்தது.

வாசகர்கள் அந்த நிபந்தனையை இன்னொரு தடவை படித்துப் பார்க்க வேண்டுகிறேன். ‘பொறுத்துக்கொள்ள வேண்டும்.’ நம்முடைய வைஃபையின் சட்ட அந்தஸ்து முழுவதும் அந்த வார்த்தையில் அடங்கியிருக்கிறது. பக்கத்து வீட்டு மைக்ரோவேவ் அடுப்பு நம் வாசல் காமிராவைத் தடுமாற வைத்தால் நாம் எந்தக் கச்சேரியிலும் வழக்குப் போட முடியாது. அடுப்புத்தான் அங்கே பழைய குடி. நாம் பின்னால் வந்து கொட்டகை போட்டவர்கள்.

ஒரே வெளியில் பலர் பேசினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. ஹவாய்த் தீவுகளில் நார்மன் ஆப்ராம்ஸன் என்ற பேராசிரியர் இருந்தார். கடலலையில் பலகை வைத்துச் சறுக்கும் ஆசையால் ஹவாய்க்கு வந்தவர் என்று சொல்லுவார்கள். அங்கே சர்வகலாசாலையின் பகுதிகள் தீவு தீவாகச் சிதறிக் கிடந்தன. அவற்றைக் கணிப்பொறியோடு ரேடியோவால் இணைக்க, அலோஹா வலை என்ற ஏற்பாட்டை 1971-இல் அவரும் சகாக்களும் நடத்திக் காட்டினார்கள். அதன் விதி மிகவும் எளியது. பேச வேண்டுமென்று தோன்றினால் பேசு. பதில் வராவிட்டால், உன் பேச்சு இன்னொருவர் பேச்சோடு மோதிவிட்டது என்று அர்த்தம். மனம்போன அளவு சற்றுப் பொறுத்து, மறுபடி பேசு. இந்த விதியில் ஒரு குறை உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால், வெளியின் மொத்தக் கொள்ளளவில் நூற்றுக்குச் சுமார் 18 பங்குக்கு மேல் பயன்படுத்த முடியாது. அதற்கு மேல் கூட்டம் சேர்ந்தால் மோதல்தான் பெருகும்.

பின்னால் வந்தவர்கள் ஒரு மரியாதையைச் சேர்த்தார்கள்: பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேள், வேறொருவர் பேசினால் காத்திரு. வைஃபையும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. ஆனால் மரியாதை அதிகமானால் சில பேருக்குப் பேசவே சந்தர்ப்பம் கிடைப்பதில்லை என்பது சபைகளில் உட்கார்ந்த அனுபவமுள்ளவர்களுக்குத் தெரியும். மற்றச் சாதனங்கள் நினைத்தபோது பேசி, பிறகு சும்மா இருப்பவை. காமிராவோ ஓயாமல் பேச வேண்டிய ஜீவன். நல்ல தெளிவான படமானால் வினாடிக்கு 2 மெகாபிட் அளவாவது வெளியே அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கூட்டம் சேரும் நேரத்தில் அதுதான் முதலில் மூச்சுத் திணறுகிறது. மத்தியானம் நன்றாக வேலை செய்த காமிரா இரவு எட்டு மணிக்கு விக்கி விக்கிப் படம் காட்டுவதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இந்தப் புறம்போக்கில் சானல்கள் என்று 13 தடங்கள் போட்டிருக்கிறார்கள். ஆனால் இந்தத் தடங்கள் ஒன்றுக்கொன்று 5 மெகாஹெர்ட்ஸ் தூரத்தில்தான் இருக்கின்றன. ஓடும் வண்டிக்கோ சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். ஆகையால் பக்கத்துத் தடத்தில் இருப்பவர் நம் மேல் உரசாமல் போக முடியாது. ஒன்றையொன்று தொடாமல் ஓடுவதற்கு வழக்கமாக எடுத்துக்கொள்பவை 1, 6, 11 என்ற மூன்று தடங்கள்தாம்.

நான் குடியிருக்கும் கட்டடத்தில் 12 வீடுகள். கீழ்த் தளத்தில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். அவருடைய வாசல் காமிரா தினம் இரவானால் கண்ணை மூடிக்கொள்ளும். கைபேசியில் பார்த்ததில், அவருடைய பெட்டியும் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பெட்டியும் 6-ஆம் தடத்திலேயே நெருக்கியடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அந்த வீட்டில் ஓர் இளந்தம்பதிகள். குடிவந்து இரண்டு வருஷமாகியும் இரு வீட்டாருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது; விரோதமில்லை, பழக்கமில்லை, அவ்வளவுதான். தலைமையாசிரியர் போய்க் கதவைத் தட்டினார்.

“தம்பி, உங்க வீட்டு வைஃபை எந்தச் சானல்லே இருக்கு? நீங்க ஒண்ணாம் நம்பருக்குப் போனா நான் பதினொண்ணுக்குப் போயிடறேன்.”

“அதுக்கென்ன சார், இப்பவே மாத்திடறேன். எங்க டி.வி. கூட ராத்திரியிலே நின்னு நின்னுதான் ஓடுது. உள்ளே வாங்களேன்.”

பத்து நிமிஷத்தில் காரியம் முடிந்தது. அவர் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆயிற்று. காப்பி சாப்பிட்டுவிட்டு வந்தார். அடுத்த வீட்டாரைத் தெரியாததால் வைத்த காமிரா, அடுத்த வீட்டாரைத் தெரிந்துகொண்ட பிறகுதான் ஒழுங்காக வேலை செய்தது.

கூட்டம் இல்லாத இடத்திலும் காமிரா தடுமாறுவது உண்டு. பெட்டிக்கும் காமிராவுக்கும் பத்தடி தூரம்கூட இருக்காது. ஆனாலும் இணைப்பு நிற்காது. காமிராவைப் பிடித்துக்கொண்டு ஒரு சாண் இந்தப் பக்கம் நகர்த்தினால் உடனே சரியாகி விடும். பார்க்கிறவர்களுக்கு மாந்திரீகம் போல் இருக்கும். இதன் ரகசியத்தை 1888-இலேயே ஜெர்மனியில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் கண்டுவிட்டார். கார்ல்ஸ்ரூ நகரில் அவர் தம் பிரசங்க மண்டபத்தின் சுவரில் பெரிய துத்தநாகத் தகட்டை மாட்டி, எதிர்ப்புறத்திலிருந்து மின் அலைகளை அனுப்பினார். போன அலையும் தகட்டில் மோதித் திரும்பிய அலையும் கலந்து, மண்டபத்தில் சில இடங்களில் அலை வலுத்தும் சில இடங்களில் அடியோடு அடங்கியும் இருப்பதைக் கண்டார். நம்முடைய வீட்டில் துத்தநாகத் தகடு இல்லாவிட்டாலும் இரும்புக் கேட், பீரோ, குளிர்சாதனப் பெட்டி, கான்கிரீட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்பி எல்லாம் இருக்கின்றன. வைஃபை அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். ஆகவே வலுத்த இடத்துக்கும் அடங்கிய இடத்துக்கும் நடுவே சில அங்குலந்தான் வித்தியாசம். ஒரு சாண் நகர்த்துவது மந்திரமல்ல. ஹெர்ட்ஸ் சொல்லிக் கொடுத்த பாடம்.

இந்த எதிரொலித் தொல்லையிலிருந்து வைஃபை தப்பித்த கதை இன்னும் சுவாரஸ்யமானது. 1974-இல் ஸ்டீஃபன் ஹாக்கிங் என்ற விஞ்ஞானி, மிகச் சிறிய கருந்துளைகள் வெடித்துச் சிதறக்கூடும் என்று எழுதினார். அந்த வெடிப்பின் ரேடியோ ஓசையைக் கேட்க முயன்றவர்களில் ஜான் ஓ’சல்லிவன் என்ற ஆஸ்திரேலியர் ஒருவர். விண்வெளியைக் கடந்து வரும்போது மங்கிச் சிதறும் அலையை மீண்டும் கூர்மையாக்கும் கணக்கு அவருக்கு வேண்டியிருந்தது. கருந்துளையின் வெடிச் சப்தம் கேட்கவே இல்லை. ஆனால் கணக்கு வீண் போகவில்லை. 1990-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலிய சர்க்காரின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் அவரும் நான்கு சகாக்களும், ஓர் அறைக்குள் சுவரிலும் மேஜையிலும் பட்டுச் சிதறும் ரேடியோ அலைக்கு அதே போன்ற கணக்கைப் பிரயோகித்தார்கள். வேகமான ஒரே ஓட்டமாக அனுப்பாமல், செய்தியைப் பல மெல்லிய ஓட்டங்களாகப் பிரித்து ஒரே சமயத்தில் அனுப்பினால் எதிரொலி அவ்வளவாகக் கெடுக்காது. 1996-இல் அமெரிக்கப் பேடண்டு கிடைத்தது. பிறகு பெரிய பெரிய கம்பெனிகளோடு வழக்காடி, அந்த ஸ்தாபனம் 40 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் பெற்றது. வானத்தில் எதையோ தேடப் போனவருக்கு வழியில் கிடைத்தது நம் வீட்டுக் கூடத்தில் வேலை செய்கிறது.

இனி, புதுக் காமிராவை வாங்கி வந்து முதல் தடவை இணைக்கும்போது ஏற்படும் சங்கடம். அதற்குக் காரணம் ஒரு கல்லாப் பெட்டி. ஹாலந்தில் என்.ஸி.ஆர். கம்பெனியில் வேலை செய்த விக் ஹேய்ஸ் என்பவர், கடைகளில் பணம் வாங்கும் யந்திரங்களைக் கம்பியில்லாமல் இணைக்க வேண்டுமென்ற கம்பெனியின் ஆசையால் இந்தத் துறைக்கு வந்தார். ஆளுக்கொரு பாஷை பேசினால் யாருக்கும் பிரயோஜனமில்லை என்று, அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் ஆதரவில் 1990 முதல் பத்து வருஷ காலம் தலைமை தாங்கி ஒரு பொது விதியை உருவாக்கினார். 802.11 என்ற அந்த விதி 1997-இல் வெளியாயிற்று. ஆனால் 1999-இல் அதற்கு இரண்டு குழந்தைகள் ஒன்றாகப் பிறந்தன. ஒன்று நெரிசலான 2.4 கிகாஹெர்ட்ஸ் புறம்போக்கிலேயே தங்கிற்று. மற்றது விசாலமான 5 கிகாஹெர்ட்ஸ் வெளிக்குப் போயிற்று. அங்கே வேகம் அதிகம், கூட்டம் குறைவு. ஆனால் சுவரைத் தாண்டும் சக்தி குறைவு. ‘வைஃபை’ என்ற பெயரும் அந்த வருஷம் சூட்டப்பட்டதுதான்.

இன்றைய ரவுட்டருக்கு இரண்டு பாஷையும் தெரியும். கைபேசிக்கும் இரண்டும் தெரியும். விலை மலிந்த காமிராக்களில் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். ரவுட்டர் இரண்டு வெளிக்கும் ஒரே பெயரை வைத்திருக்கிறது. கைபேசி 5-இல் நின்றுகொண்டு ‘வா’ என்று கூப்பிடுகிறது. சில காமிராக்களுக்கு அங்கே ஒரு கதவு இருப்பதே கண்ணுக்குத் தெரிவதில்லை. வீட்டுக்காரர் கடவுச்சொல்லை நாலு தடவை அடித்துப் பார்த்துவிட்டுக் காமிராவைச் சபிக்கிறார். 2.4-க்குத் தனிப் பெயர் வைத்தாலும், இணைக்கும் வரையில் 5-ஐ அணைத்து வைத்தாலும் தொல்லை தீர்ந்துவிடும்.

இதைப் போலவே, ரவுட்டரை மாற்றிய மறுநாள் காமிரா செயலற்றுப் போவதும் உண்டு. அது கெட்டுப் போகவில்லை. இறந்துபோன எஜமானின் பெயருக்கு மட்டும் காது கொடுக்கும் நாயைப் போல, பழைய பெயரையே தேடிக்கொண்டு வாசலில் நிற்கிறது. புதுப் பெட்டிக்குப் பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையும், முன்பிருந்த பூட்டு முறையையுமே வைத்துவிட்டால் வீட்டிலுள்ள எல்லாச் சாதனங்களும் தாமே வந்து சேர்ந்துகொள்ளும்.

பூட்டு முறை என்றேனே, அதற்கும் ஒரு கதை உண்டு. 1997-இல் வைஃபையோடு பிறந்த முதல் பூட்டுக்கு வெப் என்று பெயர். கம்பிக்குச் சமமான அந்தரங்கம் என்பது அதன் பொருள். 2001-இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்ற மூன்று கணித நிபுணர்கள் அதை உடைக்கும் வழியை வெளியிட்டார்கள். பிறகு 2003, 2004, 2018 ஆகிய வருஷங்களில் வலுவான புதுப் பூட்டுகள் வந்தன. ரவுட்டர் ஆகப் புதிய பூட்டை மட்டும் ஏற்பேன் என்று பிடிவாதம் பிடித்தால் பழைய காமிரா உள்ளே வர முடியாது. அதுவும் இணைப்புக் கோளாறாகத்தான் நமக்குத் தெரியும்.

இதைவிடக் கவலைக்குரிய குறை வேறொன்று. ரவுட்டர் ஒரு சாதனத்தைப் பார்த்து ‘வெளியே போ’ என்று சொல்ல ஓர் ஆணை உண்டு. அந்த ஆணைக்கு முதலில் முத்திரையோ கையொப்பமோ கிடையாது. வேறு யாராவது ரவுட்டரின் குரலில் ‘போ’ என்று கத்தினாலும் காமிரா கீழ்ப்படிந்து போய்விடும். இப்படி ஒரு வலையையே முடக்கலாம் என்பதைக் கலிபோர்னியாவின் ஸான் டியேகோ சர்வகலாசாலையில் பெல்லார்டோ, ஸாவேஜ் என்ற இருவர் 2003-இல் நிரூபித்தார்கள். முத்திரையிட்ட ஆணைக்கு விதி 2009-இல் வந்தது. அதைக் கட்டாயமாக்கியது 2018-இன் புதுப் பூட்டுத்தான். இந்த முத்திரை போலி ஆணையைத் தடுக்குமே தவிர, வெறும் இரைச்சலை எழுப்பி வெளி முழுவதையும் அடைப்பவனை ஒன்றும் செய்யாது. 2024-இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஈடைனா என்ற ஊரில் நடந்த வீட்டுத் திருட்டுகளில், வைஃபையை அடைக்கும் கருவியைத் திருடர்கள் பயன்படுத்தியிருக்கலாம் என்று போலீசார் சந்தேகித்தார்கள். தாமதத்துக்கும் தனிமைக்கும் அஞ்சி வைத்த கண்ணை, வேண்டிய நேரத்தில் பிறர் மூடிவிட முடியும் என்றால் அது வேடிக்கையான விஷயமல்ல.

இன்னும் மோசமான சம்பவமும் நடந்திருக்கிறது. 2016-இல் மிராய் என்ற தீய நிரல் ஒன்று உலகெங்கும் உள்ள காமிராக்களையும் ரவுட்டர்களையும் தட்டிப் பார்த்தது. கம்பெனியில் வைத்தபடியே விட்டிருந்த பெயரும் கடவுச்சொல்லுமாகச் சுமார் 60 ஜோடிகள் அதன் கையில் இருந்தன. லட்சக்கணக்கான சாதனங்கள் திறந்துகொண்டன. அந்த வருஷம் அக்டோபர் 21-ஆம் தேதி அவற்றில் பல ஒரே சமயத்தில் டின் என்ற கம்பெனியின் மேல் பாய்ந்தன. ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் போன்ற பிரபல தளங்கள் மணிக்கணக்கில் பலருக்கு எட்டாமல் போயின. இதைச் செய்யத் தொடங்கியவர்கள் கணிப்பொறி விளையாட்டு வியாபாரத்தில் போட்டியிட்ட சில வாலிபர்கள் என்று பின்னால் தெரிந்தது. 2017-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். நம்மைக் காக்க நாம் வைத்த காவல்காரன், நமக்குத் தெரியாமல் இரவிலே போய் ஊரான் வீட்டில் கல்லெறிந்துவிட்டு வந்தான் என்பதே இதன் சாராம்சம். எல்லாச் சாதனத்துக்கும் ஒரே கடவுச்சொல் வைத்து விற்பதைக் கலிபோர்னியா 2020 முதலும், பிரிட்டன் 2024 ஏப்ரல் முதலும் சட்டத்தால் தடுத்துவிட்டன. காமிரா காரணமில்லாமல் மந்தமானால், வந்தபடியே விட்ட கடவுச்சொல்லையும் ஒரு தடவை நினைத்துப் பார்ப்பது நல்லது.

இத்தனையையும் கூட்டிப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். காமிராவின் இணைப்புக் கோளாறு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி யந்திரத்தின் கோளாறல்ல. பட்டா இல்லாத நிலத்தில் குடியிருப்பதன் விளைவு. 1985-இல் அந்த நிலத்தைத் திறந்துவிட்டிருக்காவிட்டால் ஒவ்வொரு வீட்டுக்காரரும் லைசென்ஸ் கேட்டு மனுப் போட்டுக்கொண்டிருப்போம். இவ்வளவு மலிவாக இந்தச் சாதனங்கள் நம் கைக்கு வந்திருக்கமாட்டா. யார் வேண்டுமானாலும் வரலாம் என்ற சுதந்தரமும், யார் வேண்டுமானாலும் வந்துவிட்டார்கள் என்ற நெரிசலும் ஒரே உத்தரவில் பிறந்தவை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வேண்டாமென்று சொல்ல முடியாது.

ஆகவே புறம்போக்கில் இருப்பவர்களுக்குரிய விவேகத்தை நாம் கடைப்பிடிக்க வேண்டும். கட்டாயம் விழித்திருக்க வேண்டிய கண்ணுக்குக் கூடுமானவரை கம்பி போட்டுவிடுவது நல்லது. கம்பியைக் கூச்சல் போட்டு அடைக்க முடியாது. கம்பி முடியாவிட்டால், காட்சியைக் காமிராவுக்குள்ளேயே பதிந்து வைக்கும் சிறிய அட்டை ஒன்று போட்டு வைக்கலாம். இணைப்பு அறுந்த நேரத்தில் நடந்ததும் அதில் இருக்கும். கடவுச்சொல்லை வந்த அன்றே மாற்ற வேண்டும். காமிராவைச் சுவரில் ஆணியடித்து மாட்டும் முன் அந்த இடத்தில் கையில் பிடித்து ஒரு நாள் சோதித்துப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த வீட்டாரிடம் எந்தத் தடத்தில் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கேள்விக்காக அவர் கதவைத் தட்டும்போது, அவர் வீட்டுக் காமிரா நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். பாதகமில்லை. மனிதர் முகத்தைப் பார்த்துக் கதவைத் திறப்பதற்காகத்தானே அந்தக் கண்ணை முதன்முதலில் உண்டாக்கினார்கள்.